மழையின் முகவரி – 9: தீவுகளில் ஏறிய பாதரசம்

சென்ற வாரம் ராயபுரத்துக் கஞ்சித் தொட்டி வாசலில் நின்றோம். ஹைதர் அலியின் போர்க் காலத்தில், 1782 பஞ்சத்தில் நகருக்குள் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் கதை அது. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. வடசென்னைப் பெரியவர்கள் பலருக்கு அது இன்னமும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான்.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் எழுந்ததையும், 1813 முதல் மெட்ராஸின் மழை அளவு ஆண்டு தவறாமல் ஏட்டில் ஏறத் தொடங்கியதையும் அதற்கு முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

அந்தக் கஞ்சித் தொட்டியும் அந்த ஏடும் சந்திக்கும் இடத்துக்கு இந்த வாரம் வந்துவிட்டோம். ஆண்டு 1876. நம் கணக்கில் தாது.

★

ஐப்பசி பொய்த்தது

நாட்டின் பெரும்பகுதி ஆனியிலும் ஆடியிலும் வானத்தைப் பார்க்கும். மெட்ராஸ் ஐப்பசிக்குக் காத்திருக்கும். ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெறும் இந்த நகரம், அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் வாங்கிக்கொள்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லிவைத்தார்கள். அந்த மூன்று மாதம் கைவிட்டால் ஏரி நிறையாது, கிணறு ஊறாது. அடுத்த ஆடி வரை நம்ப வேறெதுவும் இல்லை.

கடற்கரைக்காரர்களுக்குப் பருவம் மாறுவதைக் கடல் முன்கூட்டியே சொல்லிவிடும். மாதக்கணக்காகத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்த நீரோட்டம் தயங்கும், குழம்பும், பிறகு வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். வாடைக்காற்று எழும். அதோடு மேகம் வர வேண்டும்.

1876இல் முதலில் தென்மேற்குப் பருவமழை தக்காணத்திலும் மைசூரிலும் பொய்த்தது. மெட்ராஸ் ராஜதானியின் உள் மாவட்டங்களான பல்லாரி, கடப்பை, சேலம் எல்லாம் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும் என்று நம்பிக் காத்திருந்தன. ஐப்பசி வந்தது. கார்த்திகையும் வந்தது. மழை வரவில்லை.

ஒரு பருவம் பொய்த்தால் அது வறட்சி. கையிருப்பைத் தின்று, நகையை அடகு வைத்து, மாட்டை விற்றுத் தாண்டிவிடலாம். இரண்டு பருவமும் அடுத்தடுத்துப் பொய்த்தால் விற்க மாடு இருக்காது. இருந்தாலும் வாங்க ஆள் இருக்காது. தாது வருஷத்தில் நடந்தது இதுதான். தானிய விலை ஏறியது, நெசவாளிக்குத் தறி நின்றது, விவசாயக் கூலிக்கு வேலை நின்றது. மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும் கூட்டம் நடந்து சேர்ந்த இடம் மெட்ராஸ்.

★

கரையில் அடுக்கிய மூட்டைகள்

அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. 1861இல் கடலுக்குள் நீட்டிய ஓர் இரும்புக் கடற்பாலம் உண்டு. முறையான துறைமுகத்துக்கு நினைவுக் கல்லை 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் நட்டுவிட்டுப் போயிருந்தார். அலைதாங்கிச் சுவரின் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கை ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். இந்தப் படகோட்டிகள் எழுப்பியதுதான் ராயபுரத்துப் புனித பேதுரு ஆலயம்.

(அந்தச் சுவரைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தை அது மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் கரையை இழந்தன. பருவக்காற்றின் கணக்கைக் கேட்காமல் கட்டியதன் விலையை இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவருகிறார்கள்.)

1876 இறுதியில் ரங்கூனிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அரிசிக் கப்பல்கள் வந்து குவிந்தன. மூட்டைகள் கரையில் மலையாக அடுக்கப்பட்டன. காவலும் போடப்பட்டது. ராயபுரத்திலிருந்து ரயில் பாதை 1856இலேயே உள்நாட்டுக்குப் போடப்பட்டிருந்தது. அரிசி இருந்தது, அதை ஏற்றிப்போக ரயிலும் இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை. மூட்டையிலிருந்து மணலில் சிந்திய மணிகளைப் பெண்களும் குழந்தைகளும் கூட்டிப் பொறுக்கி எடுத்தார்கள்.

ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு, ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கியது. விவரம் தெரிந்ததும் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு தடுத்தது. வணிகத்தில் அரசு தலையிடக் கூடாதாம்.

1877 ஜனவரியில் கல்கத்தாவின் பஞ்சத் தூதராக வந்து இறங்கினார் சர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். அதாவது சுமார் 450 கிராம். அதோடு கொஞ்சம் சில்லறை. ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது சிறைக் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு, இதைத் தின்று உழைக்கும் உடல் நிலைக்காது என்று எழுத்தில் எதிர்த்தார். ஆங்கில அதிகாரிகளில் மனசாட்சியோடு நடந்தவர்களைப் பட்டியலிட்டால் கார்னிஷின் பெயர் மேலே இருக்க வேண்டும். கூலி பிறகு உயர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் கால்வாய் தோண்டியவர்கள் இந்தப் பஞ்சத்து மக்கள். ஏற்கெனவே எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த வடக்குக் கால்வாயோடு அது சேர்ந்தது. தோண்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை; ஆளுநரின் பெயர் நின்றுவிட்டது. பக்கிங்ஹாம் கால்வாய்.

மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளையும் சேர்த்தால் 1876–78 பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

★

ஏட்டைப் புரட்டியவர்கள்

பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது நுங்கம்பாக்கத்தில் அரசு வானியலராக இருந்தவர் நார்மன் போக்ஸன். அவருடைய மகள் ஐசிஸ் 1873 முதல் அங்கே கணக்காளர். பின்னர் 1881இல் ராஜதானியின் வானிலைப் பொறுப்பையே ஏற்றவர். முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதிட்ட மனிதர் அவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை நம் மக்களுக்கு விளக்கிப் புத்தகம் போட்டவரும் அவரே.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப்பட்டவர்களின் கைகள் எழுதி நிரப்பிய மழை ஏடு, 1877இல் திடீரென்று உலகப் புகழ் பெற்றது.

காரணம் வில்லியம் வில்சன் ஹண்டர், இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவர். மெட்ராஸின் மழை ஏட்டை எடுத்துச் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார் அவர். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகும், குறையும். புள்ளி குறையும் ஆண்டுகளில் மெட்ராஸில் மழையும் குறைகிறது என்றார். அப்படியானால் பஞ்சத்துக்கு நாள் குறித்துவிடலாம்!

இந்த யோசனைக்கு ஒரு வேர் தீவில் இருந்தது. அதைக் கவனியுங்கள், நம் கதைக்கு அது முக்கியம். மொரிஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம் என்ற கணிதப் பேராசிரியர், போர்ட் லூயிக்கு வரும் கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி இந்தியப் பெருங்கடலின் புயல்களை நாள்வாரியாக வரைந்துகொண்டிருந்தார். நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்ற கப்பல்கள் போய்ச் சேர்ந்ததும் அந்தத் துறைமுகம்தான். 1872இல் மெல்ட்ரம், சூரியப் புள்ளி மிகும் ஆண்டுகளில் புயல்களும் மிகுகின்றன என்று அறிவித்தார்.

ஆக, ஒரு தீவுக்காரர் புயலில் கண்டதை ஹண்டர் மெட்ராஸின் மழையில் கண்டார். லண்டன் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. பட்டினிச் சாவுக்குக் காரணம் கொள்கையா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, காரணம் சூரியன் என்ற பதில் கிடைத்துவிட்டது. ஆள்பவர்களுக்கு இதைவிட வசதியான பதில் வேறு உண்டா?

அந்த வசதியை உடைத்தவர் ஆள்பவர்களில் ஒருவரே. பொறியியல் படைப்பிரிவின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி அதே 1877இல் அதே மெட்ராஸ் எண்களை எடுத்துப் பொறுமையாகக் கணக்குப் போட்டார். ஆண்டுக்கு ஆண்டு மழை எவ்வளவு ஏறி இறங்குகிறது? 11 ஆண்டுச் சுழற்சியை நம்பிக் கணித்தால் அந்தப் பிழை குறைகிறதா? குறையவில்லை. சுழற்சியை நம்பினாலும் நம்பாவிட்டாலும் தவறும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. ராயல் சொசைட்டியின் முன் இதை வைத்தார். அடுத்த ஆண்டு பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைவரானவரும் இவர்தான்.

ஓர் ஊரின் மழையை வைத்துக்கொண்டு வானத்தைக் கேள்வி கேட்க முடியாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அப்படியானால் எங்கே கேட்பது?

★

பாதரசம் சொன்னது

இங்கே நாம் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வானிலையின் வரலாறு திரும்பும் இடம் இது.

காற்றுக்கு எடை உண்டு. அந்த எடையைக் கண்ணாடிக் குழாயில் நிற்கும் பாதரசம் காட்டும். காற்று கனத்து அழுத்தினால் பாதரசம் ஏறும். அங்கே காற்று கீழே இறங்குகிறது, மேகம் திரள்வது கடினம். காற்று லேசாகி மேலெழுந்தால் பாதரசம் இறங்கும், மழை கூடும். பொதுவான கணக்கு இவ்வளவுதான்.

நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் இந்தக் கருவி சோம்பேறி போலத் தெரியும். தினமும் காலை பத்து மணிவாக்கில் ஒருமுறை ஏறும், மாலை நான்குக்கு இறங்கும், இரவு மறுபடி ஏறி விடியற்காலை இறங்கும். புயல் வந்தால் சரேலென்று விழும். மற்றபடி ஆண்டெல்லாம் இதே தாளம். மாதச் சராசரியை எடுத்தால் ஓர் ஆண்டுக்கும் இன்னோர் ஆண்டுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் நூறில் சில பங்குதான். தினசரி ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியது. யார் கவனிப்பார்கள்?

ஹென்றி பிளான்ஃபோர்டு கவனித்தார். 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் அவர். பஞ்ச ஆண்டுகளில் இந்தியா முழுக்கப் பாதரசம் வழக்கத்தைவிடச் சற்று மேலேயே நின்றதைக் கண்டார். ஒரு நாள் இரண்டு நாள் அப்படி நிற்கவில்லை, மாதக்கணக்கில் நின்றது. அந்தக் கனம் இந்தியாவோடு முடியவும் இல்லை. கிழக்கே மலாய்த் தீவுகள் வரை, தெற்கே ஆஸ்திரேலியா வரை அது தெரிந்தது.

பம்பாயில் ஃபிரெடரிக் சேம்பர்ஸ் இன்னும் துணிந்தார். 1880இல் அவர் எண்களை வரிசையாக வைத்தார்: அட்லாண்டிக்கின் நடுவில் செயின்ட் ஹெலினா தீவு, இந்தியப் பெருங்கடலில் மெல்ட்ரமின் மொரிஷியஸ், பிறகு பம்பாய், நம் மெட்ராஸ், கல்கத்தா, ஜாவா தீவின் பத்தேவியா, சீனக் கரையில் ஸிக்காவெய். அழுத்தம் ஓர் அலை போல மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல நகர்வதாக அவருக்குத் தோன்றியது. அந்த அலையின் முகடு தங்கும் காலத்தில் பஞ்சம் வருகிறது.

ஒவ்வொரு தீவும் தன் மழையைத் தன் மழை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. கொழும்புக்கு இரண்டு பருவக்காற்று. பத்தேவியாவுக்கு மார்கழியும் தையும் மாசியும் மழைக்காலம். மொரிஷியஸுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். சூரியன் தெற்கே நகர நகர அதன் பின்னாலேயே ஒரு மழைமேகப் பட்டை நகர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது மெட்ராஸையும் இலங்கையையும் நனைக்கிறது. மார்கழி, தையில் ஜாவாவுக்கு இறங்குகிறது. பிறகு மொரிஷியஸ் பக்கம் பெய்கிறது. ஒரே ஊர்வலம், வெவ்வேறு தெருக்கள். ராயபுரத்தில் நின்றவனுக்கு அவன் தெரு மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஊர்வலம் 1877இல் பாதை மாறிவிட்டிருந்தது. ஜாவாவிலும் அந்த ஆண்டு கடும் வறட்சி. பசிபிக்கில் நியூ கலிடோனியாவிலும் வறட்சி. சீனத்தின் வடக்கில் நம்மைவிடப் பயங்கரமான பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கு காய்ந்து கருகியது. அதே சமயம் பசிபிக்கின் மறு கரையில், மழையே காணாத பெரு நாட்டுப் பாலைவனக் கடற்கரையில் வெள்ளம் ஓடியது.

இந்தத் துண்டுகள் எல்லாம் வெவ்வேறு மேசைகளில் கிடந்தன. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கோ, நம் ஊரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு அந்த ஓர் ஆண்டில் மட்டும் கடல் தாண்டிய லட்சத்துக்கும் அதிகமானோருக்கோ, பத்தேவியாவில் ஏறிய பாதரசத்துக்கும் தங்கள் வயிற்றுக்கும் உள்ள உறவு தெரிய வழியே இல்லை. ஸ்ட்ரேச்சிக்கும் தெரியவில்லை. பிளான்ஃபோர்டுக்கு வாசனை மட்டும் தெரிந்தது. சேம்பர்ஸும் பிளான்ஃபோர்டும் தங்கள் எண்களை மறுபடி சூரியப் புள்ளியோடுதான் கட்டப் பார்த்தார்கள். கைக்கு வந்த விடையை வெளிச்சம் மறைத்துவிட்டது என்பதே என் முடிவு.

★

கணக்கில் ஒரு முடிச்சு

1877 செப்டம்பருக்குப் பிறகு மழை திரும்பியது. தாது போய் ஈசுவர வருஷம் நடந்துகொண்டிருந்தது. சூரியப் புள்ளி இன்னும் அடிமட்டத்தைத் தொடவில்லை. அது தொட்டது 1878இல். ஹண்டரின் சூத்திரப்படி காய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் ஏரிகள் நிறையத் தொடங்கின. அடுத்து வந்த ஆண்டின் பெயர் வெகுதானிய. அதை அறுவடை செய்யத்தான் பல ஊர்களில் ஆள் இல்லை.

இன்று நமக்கு அந்தப் பாதரசத்தின் பின்னால் இருந்தது எதுவென்று தெரியும். பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ. 1877–78இல் வந்தது பதிவான எல் நினோக்களிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. அது தென்மேற்குப் பருவமழையை நலிவடையச் செய்யும். ஜாவாவைக் காய வைக்கும். பெருவை மூழ்கடிக்கும். எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் மெட்ராஸ் பொருந்தவில்லை.

எல் நினோ வந்த ஆண்டுகளில் நம் ஐப்பசி மழை பெரும்பாலும் கூடுகிறது, குறைவதில்லை. 1997இல் இந்தோனேசியக் காடுகள் காய்ந்து எரிந்தபோது தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்து நகரமே மூழ்கியதும் ஒரு பெரிய எல் நினோ ஆண்டில்தான். 1877 இறுதியில் மழை திரும்பியதும் அப்படியே.

தாதுப் பஞ்சத்தின் வேரோ, அதற்கு முந்தைய ஆண்டில், 1876இன் ஐப்பசியில் இருக்கிறது. அதுவரை பல ஆண்டுகளாகப் பசிபிக் குளிர்ந்துதான் கிடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்திலிருந்து ஒரு தந்தித் துறை அதிகாரி, இந்தியாவும் தன் நாடும் ஒன்றாகக் காய்வதைக் கண்டு எழுதினார். சார்லஸ் டாட். கண்டத்தைக் குறுக்கே கடந்து டார்வின் வரை தந்திக் கம்பி இழுத்தவர். அந்த டார்வினில் இருந்த ஒரு பாதரசக் குழாய்க்கும், 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால் தாஹிட்டி என்ற சின்னத் தீவில் இருந்த இன்னொரு குழாய்க்கும் நடுவில் நம் மழையின் முகவரி எழுதப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அந்தக் குழாய்களிடம் போவோம். அதுவரை, ராயபுரத்துக் கரையில் மணலோடு அரிசி பொறுக்கியவர்கள் சார்பில் இந்தக் கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: எல் நினோ இன்னும் எழாத 1876இல், மெட்ராஸின் ஐப்பசி மழையை எடுத்துச் சென்றது எந்தக் கடல்?

(தொடரும்)